எத்தனையாவது தடவை?

போன வருடம் ஹம் அம்மன் தேரன்று நான் ஒரு பொய் சொன்னேன். வடம் பிடித்து முடித்து, வேட்டி நனைய வியர்த்து, மோர்ப் பந்தலடியில் நிற்கிறேன். பக்கத்தில் ஒரு பழைய கூட்டாளி. எண்பதுகளில் ஒரே அகதி முகாம், ஒரே அறை, இரண்டு தட்டுக் கட்டிலில் அவன் மேலே, நான் கீழே. "மகள் இப்ப எந்த செமஸ்டர்? மெடிசினுக்கு எப்ப மாறுறா?" என்று கேட்டான். "நாலாவது. கெதியில மாறிடுவா" என்றேன்.

மாறப்போகிறாள் என்பது எனக்குத் தெரியும். இரண்டு கிழமைக்கு முன்னர்தான் சொல்லியிருந்தாள். உயிர்இரசாயனத்தை விட்டுவிட்டு எஃப்ஹா என்ற செயல்முறைக் கல்லூரி ஒன்றில் உற்பத்தித் தொழில்நுட்பம் படிக்கப் போகிறாளாம். ஜேர்மன்காரர் புரொடுக்சியோன்ஸ்டெக்னிக் என்பார்கள். நம்மவர் பேச்சில் ஃபாக்டரிப் படிப்பு. அம்பாள் சந்நிதியில் நின்று அதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. இத்தனைக்கும் அம்பாளே குடியிருப்பது உவென்ட்ரோப் தொழிற்பேட்டையில். 2002இல் கும்பாபிஷேகம் கண்ட நாளிலிருந்து அனல்மின் நிலையத்தையும் லொறிகளையும் அயலாகக் கொண்டு, டட்டெல்ன்-ஹம் கால்வாயில் தீர்த்தமாடிக்கொண்டு இருக்கிறாள். அவளுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. குறை எனக்குத்தான்.

பெற்றோரே, என் வெட்கத்தைச் சொல்லிவிட்டேன், இனி உங்களைத் திட்ட எனக்கு உரிமை உண்டு. உங்களில் பலர் என்னைவிடப் பெரிய பொய் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளி வாசலில் சின்னதுகளுக்காகக் காத்து நிற்கும்போது, ஃபிளாஸ்கும் கையுமாக நாம் நடத்துவது மீன் சந்தை ஏலம். "என்ர மூத்தவன் யூரா." "எங்கட ஆள் இன்ஃபொர்மாட்டிக், ஆகன்ல." "தங்கச்சியின்ர மகள் மெடிசின், ஹைடல்பேர்க்." விலை ஏறிக்கொண்டே போகும். எத்தனை பாடம் பாஸ், பிள்ளை இரவில் நித்திரை கொள்கிறதா என்று ஒருவரும் கேட்பதில்லை. ஏலத்தில் மீனைப் பார்த்து "சுகமா?" என்று யார் கேட்பார்?

டிரிட்ஃபெர்சூக் என்றொரு சொல் உண்டு. மூன்றாவது தடவை என்று அர்த்தம். நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். வீட்டில் அந்தச் சொல் வாயில் வந்துவிடாமல் இருக்கப் பிள்ளைகள் படும் பாடு அப்படி. கட்டாயப் பாடம் ஒன்றில் பரீட்சை தவறினால் மறுபடி எழுதலாம். அதிலும் தவறினால் பெரும்பாலான இடங்களில் இன்னும் ஒரே ஒரு தடவை. அதுவும் போனால் இறுதித் தோல்வி என்று கடிதம் வரும், பதிவை நீக்கிவிடுவார்கள். அதோடு முடிந்தாலும் பரவாயில்லை. அதே படிப்பை ஜேர்மனியில் வேறெந்தப் பல்கலைக்கழகத்திலும் தொடர முடியாது. அந்தப் பாடம் கட்டாயமாக உள்ள அயல் படிப்புகளின் கதவும் பல இடங்களில் மூடிவிடும். படிப்பு மாறிப் போகிற பிள்ளையிடம் புதிய இடத்தில் கேட்கும் தாள்களில் ஒன்று, பரீட்சை எழுதும் உரிமையை இன்னும் இழக்கவில்லை என்ற சான்று.

இரண்டாவது தடவைக்கும் மூன்றாவது தடவைக்கும் இடையில் அனேகமாக ஆறு மாதம் இருக்கும். அந்த ஆறு மாதத்துக்குள் பிள்ளை வாய் திறந்தால் மாறலாம். எழுதிப் பாஸ் பண்ணிய கணிதத்தையும் இரசாயனத்தையும் புதிய படிப்பில் ஏற்றுக்கொள்ளச் சொல்லிக் கேட்கலாம். வாய் திறக்காவிட்டால் கடிதம் வந்த பிறகுதான் மாற்றம், அதுவும் பாதிக் கதவுகள் மூடிய பிறகு. பிள்ளையின் வாயைப் பொத்தி வைத்திருப்பது யார் என்று நான் சொல்ல வேண்டுமா?

என் மகள் பௌதிக இரசாயனத்தில் இரண்டு தடவை தவறியிருந்தாள். ஒரு குளிர்காலம் முழுக்கக் காலை ஏழேகாலுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு போனாள். விரிவுரைக்கு என்று நினைத்திருந்தேன். போனது நகர நூலகத்துக்கு. தாய் கட்டிக் கொடுத்த சோற்றை நூலகப் படிக்கட்டில் குந்தியிருந்து சாப்பிட்டிருக்கிறாள். இதையெல்லாம் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சொன்ன அன்றும் நான் கேட்ட முதல் கேள்வி, "இதை ஆருக்கெல்லாம் சொன்னனி?" என்பது. பிள்ளை பட்ட பாட்டைக் கேட்கவில்லை. செய்தி எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று கேட்டேன்.

இது நம் வீடுகளுக்கு மட்டும் வந்த சனியனும் இல்லை. இளநிலைப் படிப்பைத் தொடங்கும் ஜேர்மன் மாணவர்களில் சுமார் 28 விழுக்காட்டினர் பட்டம் பெறாமலே விலகுகிறார்கள் என்பது ஹனோவரில் உள்ள உயர்கல்வி ஆய்வு மையத்தின் கணக்கு. துறை மாறிப் பட்டம் எடுப்பவர்கள் அந்தக் கணக்கில் வருவதில்லை. அவர்களை இந்த நாடு தோற்றவர்களாக எண்ணுவதில்லை. நாம்தான் எண்ணுகிறோம்.

இங்கத்தைய சட்டத்துக்கே நம்மைவிடப் பொறுமை அதிகம். குடியியல் சட்டத்தின் 1610ஆம் பிரிவு தொழிலுக்கான படிப்புச் செலவைப் பெற்றோர் தலையில் வைக்கிறது. தனக்கு எது சரிவரும் என்று பிள்ளை தேடிப் பார்க்கத் தொடக்கத்தில் கொஞ்சக் காலம் உண்டு, அதற்குள் மாறினால் அந்தக் கடமை அற்றுப்போகாது என்பதை நீதிமன்றங்களும் ஏற்றிருக்கின்றன. 1631ஏ பிரிவு வளர்கிற பிள்ளைகளைப் பற்றியது. படிப்பு, தொழில் விடயத்தில் பிள்ளையின் தகுதியையும் நாட்டத்தையும் பெற்றோர் பார்க்க வேண்டும், ஐயம் வந்தால் ஆசிரியரிடமோ தகுந்த வேறொருவரிடமோ ஆலோசனை கேட்க வேண்டும் என்கிறது. தகுந்த வேறொருவர் என்று சட்டம் எழுதியவர்கள் மோர்ப் பந்தல் கூட்டாளியை மனதில் வைத்திருக்க மாட்டார்கள். பாஃபக் எடுக்கிற பிள்ளைகளுக்கும் வழி இருக்கிறது. முதல் தடவை, தக்க காரணத்தோடு, தொடக்க செமஸ்டர்களுக்குள் மாறினால் உதவிப்பணத்தைத் தொடர்ந்து பெறலாம். 2024இல் அந்தக் கெடுவை இன்னொரு செமஸ்டர் தள்ளியும் வைத்தார்கள். கெடு தாண்டினால்தான் சிக்கல்.

உயிர்இரசாயனத்துக்கு அவளை அனுப்பியதும் நான்தான். பள்ளி இறுதிப் பரீட்சையான அபித்தூரில் 1.7. ஊரில் என்றால் வெடி கொளுத்தியிருப்போம். ஆனால் மெடிசினுக்கு அது காணாது. "அதுக்குக் கிட்ட உள்ள ஒன்றைப் பிடிச்சுக்கொண்டு நிண்டால் பிறகு மாறலாம்" என்றார் உறவில் ஒரு மாமா. நான் தலையாட்டினேன். மாமாவின் அறிவு பழைய காலத்தது. காத்திருப்புக்கென்று இருந்த ஒதுக்கீடு, அரசியலமைப்பு நீதிமன்றத்தின் 2017 டிசம்பர் தீர்ப்பைத் தொடர்ந்து வந்த சீர்திருத்தத்தில், 2020 கோடைப் பருவத்தோடு ஒழிந்தது. அது இருந்த காலத்திலும், ஜேர்மன் பல்கலைக்கழகத்தில் வேறொன்றைப் படித்துக்கொண்டிருந்த செமஸ்டர்களைக் காத்திருப்பாக எண்ணவில்லை. வராத பஸ்ஸுக்கு, பஸ் நிற்காத இடத்தில், என் பிள்ளையை இரண்டு வருடம் நிறுத்தி வைத்திருந்தேன்.

இந்த வெறி எங்கே பிடித்தது என்பதும் எனக்குத் தெரியும். இலங்கையின் 1971 பல்கலைக்கழக அனுமதி. பேராதனைப் பொறியியலுக்குச் சிங்கள மொழியில் எழுதியவருக்கு 400க்கு 227 போதும், தமிழில் எழுதியவருக்கு 250 வேண்டும். அங்கத்தைய மருத்துவத்துக்கு 229, 250. அந்த இருபத்துச் சொச்சப் புள்ளிக்குள் விழுந்து எழும்பாமல் போனவர்கள் நம் ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. எங்கள் வீட்டில் அது என் மூத்த அண்ணர். கணக்கில் புலி, கடைசிவரை ஒரு புடவைக் கடையில் கணக்கு எழுதினார். கதவை ஒடுக்கினால் உள்ளே இருக்கும் கதிரை சிம்மாசனமாகத் தெரியும். டொக்டர், இஞ்சினியர் என்ற அந்த இரண்டு கதிரைகளையும் தலையில் சுமந்துகொண்டுதான் கிழக்கு பெர்லின் ஷோனஃபெல்டில் இறங்கி, எஸ்பான் ஏறி மேற்குக்கு வந்தோம்.

வேடிக்கை என்னவென்றால், அண்ணருக்குக் கிடைக்காமல் போனது பொறியியல். என் மகள் கேட்பதும் பொறியியல். "அது வேற, இது ஃபாக்டரி" என்று நான் வாதாடினேன். பேராதனையிலேயே உற்பத்திப் பொறியியலுக்குத் துறை இருக்கிறது, கிண்டியில் தொழிலகப் பொறியியலுக்கு இருக்கிறது என்று மகள் கைபேசியில் தேடிக் காட்டிய பிறகும் வாதாடினேன்.

ஃபாக்டரி என்ற சொல்லில் நமக்கு என்ன இவ்வளவு அருவருப்பு? முதலில் உணவகத்தில் கோப்பை கழுவினோம், பிறகு ஃபாக்டரிச் சம்பளத்தில்தான் சீட்டுப் பிடித்தோம், தங்கச்சிமாரைக் கட்டிக் கொடுத்தோம், ஊர்க் கோயிலுக்குக் கோபுரம் எழுப்பினோம். நான் 27 வருடம் சவர்லாண்டில் ஒரு தகர அச்சுப் பட்டறையில் நின்றவன். கதவுப் பிணைச்சலுக்கான தகட்டை எடுத்து அச்சில் வை, இரண்டு பொத்தானையும் ஒரே நேரத்தில் அமுக்கு, இறங்கும், எழும்பும், எடுத்துப் போடு. தகடுகள் இருக்கும் பெட்டி தரையில். பெட்டி நிறைந்திருக்கும்போது கொஞ்சம் குனிந்தால் போதும். பாதி இறங்கியபின் இடுப்பு வளையும். அடித்தட்டு வரும்போது தலை முழங்காலில் முட்டும். ஒரு ஷிஃப்டில் பல நூறு தடவை.

எங்களுக்கு வெறுப்பான ஒருவர் உண்டு. நேரம் அளக்க வருகிறவர். 1924இல் தொடங்கிய ரேஃபா என்ற அமைப்பின் முறைப்படி, கையில் அட்டையும் நிறுத்தற்கடிகாரமுமாகப் பின்னால் வந்து நிற்பார். அவர் வந்து போனால் அடுத்த மாதம் எண்ணிக்கை கூடும். இஞ்சினியர் என்றால் எங்கள் பகுதியில் அந்த முதுகுக்குப் பின்னால் நிற்கிற நிழல்தான். ஒருமுறை இரவு ஷிஃப்டில் ஒரு இளம் பெண் வந்தாள். கடிகாரம் கொண்டுவரவில்லை. இரண்டு இரவு சும்மா நின்று பார்த்தாள். பிறகு என்னிடம், "எந்த இடத்தில் வலிக்கிறது?" என்று கேட்டாள். எனக்கு விளங்கவில்லை, மெசினைப் பற்றிக் கேட்கிறாளாக்கும் என்று நினைத்து எண்ணெய் ஒழுகும் இடத்தைக் காட்டினேன். சிரித்துவிட்டுத் தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினாள். நானும் என் இடுப்பைத் தொட்டுக் காட்டினேன்.

அடுத்த மாதம் ஒரு தள்ளுவண்டி வந்தது. அடித்தட்டுக்குக் கீழே ஸ்பிரிங். தகடுகளை எடுக்க எடுக்கப் பாரம் குறையும், பாரம் குறையக் குறையத் தட்டுத் தானாக மேலே எழும்பும். கடைசித் தகடும் என் இடுப்பு உயரத்தில் இருந்தது. விலை உயர்ந்த சாமான் ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு பதினாலு வருடம் அந்த இடத்தில் வேலை செய்தேன். இன்று தேர்வடம் பிடிக்க எனக்கு முதுகு இருக்கிறதென்றால் அது அந்தப் பிள்ளை தந்தது. அவள் என்ன படித்தாள் என்று எனக்கு ஒருநாளும் கேட்கத் தோன்றவில்லை. இந்தப் படிப்பைத்தான் என்று இப்போது தெரிகிறது. டோர்ட்முண்டில் 1993 முதல் டாசா என்ற காட்சியகம் இருக்கிறது, மனிதர் வேலை செய்யும் விதங்களைப் பற்றியே. உங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தோடு போய் வந்திருப்பார்கள். ஒரு ஞாயிறு நீங்களும் போய்ப் பாருங்கள், ஃபீனிக்ஸ் ஏரியைச் சுற்றி நடந்து அடுத்த வீட்டுப் பிள்ளையின் புள்ளியை ஆராய்வதை விட்டுவிட்டு.

மகளின் படிப்பில் என்னதான் இருக்கிறது என்று தாய்க்கும் தெரிய வேண்டுமல்லவா? ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தாள். மகள் அடுப்படியில் சாய்ந்து நின்று விளக்கினாள். பொருள் செய்யும் முறைகள் எல்லாவற்றையும் ஜேர்மன்காரர் ஆறு கூட்டமாகப் பிரித்து அதற்கு டின் 8580 என்று இலக்கமும் கொடுத்திருக்கிறார்களாம். "உருவமில்லாததுக்கு உருவம் குடுக்கிறது ஒண்டு, நீங்கள் தோசை வார்க்கிற மாதிரி. இருக்கிற உருவத்தை மாத்துறது ரெண்டு, இந்த இடியப்ப உரல். வெட்டிப் பிரிக்கிறது மூண்டு. சேர்க்கிறது நாலு, மோதகத்தைக் கிள்ளி மூடுற மாதிரி. மேல பூசுறது அஞ்சு, பயத்தம் பணியாரத்துக்கு மா தோய்க்கிறது. ஆறாவது, பொருளின்ர குணத்தையே மாத்துறது. உருக்கைச் சூடாக்கித் தண்ணியில தோய்ச்சால் இறுகும்." என் மனைவி கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு உரலை அவள் கையில் திணித்து, "சரி, ரெண்டாவதைச் செய்" என்றாள்.

உங்கள் அடுத்த கேள்வி எனக்குத் தெரியும். ஃபாக்டரிகளே மூடுகின்றன, இதைப் படித்து எங்கே போவாள்? நியாயமான கேள்வி, ஏலக் கேள்விகளைவிட எவ்வளவோ மேல். பொகுமில் நொக்கியா 2008இல் போனது, ஓப்பல் 2014இல். பொட்ரொப்பில் கடைசி நிலக்கரிச் சுரங்கம் 2018 டிசம்பரில். ஃபோக்ஸ்வாகன் 2030க்குள் 35,000க்கு மேற்பட்ட வேலையிடங்களைக் குறைப்பதென 2024 டிசம்பரில் தொழிற்சங்கத்தோடு உடன்பாடு செய்தது. இந்தப் பட்டத்துக்கு வேலை நிச்சயம் என்று சத்தியம் பண்ண நான் ஆள் இல்லை. மெடிசினைத் தவிர வேறெதற்கும் இன்று அப்படிச் சத்தியம் பண்ண முடியாது, இன்ஃபொர்மாட்டிக்குக்கும்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நாம் வாத்துக்குப் பாண் போடும் அந்த ஃபீனிக்ஸ் ஏரி முன்பு உருக்காலை. 2001இல் உலை அணைந்தது. சீனாவிலிருந்து தொழிலாளர் வந்து ஆலையைத் துண்டு துண்டாகக் கழற்றிக் கப்பலேற்றிக் கொண்டுபோனார்கள். ஒரு ஆலையைக் கழற்றி இன்னொரு கண்டத்தில் மறுபடி ஓட விடுவதற்கு எது எதன் மேல் நிற்கிறது, எது முதலில் வர வேண்டும் என்று தெரிந்த ஆள் வேண்டும். மூடுவதற்கும் வேண்டும், மாற்றுவதற்கும் வேண்டும்.

பிறகு அந்த "எஃப்ஹாவா, யூனியா?" என்ற மூக்குச் சுளிப்பு. 1971இல் இந்த மாநிலத்தில் பழைய பொறியியல் பள்ளிகளைச் சேர்த்து எஃப்ஹாக்களை அமைத்தார்கள். பல இடங்களில் ஏழு செமஸ்டர், அதில் ஒன்று வெளியே வேலைத்தலத்தில். அதனால் நமக்கு இளக்காரம். இந்த இளக்காரத்தையாவது நாம் ஊரிலிருந்து கொண்டுவரவில்லை, இங்கேயும் தாராளமாக இருந்தது. தொழில்நுட்பக் கல்லூரிகள் டொக்டர் பட்டம் கொடுக்கக் கூடாது என்று பழைய பல்கலைக்கழகங்கள் முட்டுக்கட்டை போட்டன. 1899இல் கைசர் இரண்டாம் வில்ஹெல்ம் உரிமை கொடுத்த பிறகும், அது லத்தீன் பட்டம் போலத் தெரியக் கூடாதென்று டொக்டர்-இஞ்சினியர் என ஜேர்மனில் எழுத வைத்தார்கள். வீட்டில் ஒரு டொக்டர் இருந்தே ஆக வேண்டும் என்று தவம் கிடப்பவர்களுக்குச் சொல்கிறேன், அதுவும் டொக்டர்தான். ஊசி மட்டும் போடத் தெரியாது.

எஃப்ஹாவில் சேர்வதற்கு முன்னர் மகளுக்கு எட்டுக் கிழமை பட்டறைப் பயிற்சி. முதல் கிழமை மெசினைத் தொட விடவில்லையாம். உள்ளங்கை அகல உருக்குத் துண்டு ஒன்றையும் ஒரு அரத்தையும் கையில் கொடுத்து, நாலு பக்கமும் நேராகும் வரை அராவு என்றிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை பெருவிரலில் கொப்புளத்தோடு வந்து அந்தத் துண்டைச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். நான் நிலவறைக்குப் போய் என் பழைய வேர்னியரைத் துடைத்துக்கொண்டு வந்தேன். அளந்தேன். ஒரு மூலையில் மில்லிமீற்றரில் பத்தில் இரண்டு பங்கு கூட.

"இந்த மூலை சரியில்லை" என்றேன்.

"தெரியும் அப்பா. அதிலதான் கை ஓய்ஞ்சு போச்சு. திங்கட்கிழமை திருப்பி அராவோணும்."

பௌதிக இரசாயனம் தவறியதை ஒரு வருடம் ஒளித்த பிள்ளை, இந்த மூலை பிழைத்ததை மேசையில் கொண்டுவந்து வைத்தாள்.

கூட்டாளிக்கு இன்னும் நான் உண்மையைச் சொல்லவில்லை. இந்த முறை தேரில் சொல்வேன் என்று மனைவியிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். நீங்கள் தேர் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். எண்ணிக்கைக் கட்டுப்பாடு உள்ள படிப்புகளுக்குப் பெரும்பாலும் ஜூலை 15 கடைசி நாள். இன்றைக்கு இரவு பிள்ளையின் அறைக்குப் போங்கள். புள்ளியைக் கேட்காதீர்கள், எந்தப் பரீட்சை எத்தனையாவது தடவை என்று கேளுங்கள். கேட்டுவிட்டு ஐந்து நிமிடம் வாயைத் திறக்காமல் இருங்கள். என்னால் இரண்டு நிமிடத்துக்கு மேல் முடியவில்லை.